டிரான்ஸ்பார்மர் இரண்டானால் போதாது; டேப்பும் ஒத்துப்போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கினால் சேலத்தில் லோ வோல்டேஜ் புகாரும் தொடங்கிவிடும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி மோட்டார்கள் சூடேறும். ஆத்தூர் பக்கத்து சேகோ ஆலைகளில் அரைவை மந்தமாகும். ஏற்காட்டில் விளக்கு போட்ட நேரத்துக்கு மேல் தண்ணீர் மோட்டார் எடுக்காது. மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் விசை 19 சதவீதம் போய்விடும். அதே தறியை ஓட்ட மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், வைண்டிங் காயும். ஆகவே புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் புகார்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையில் வந்து நிற்கின்றன: துணைமின் நிலையத்தில் இன்னொரு பவர் டிரான்ஸ்பார்மர் வையுங்கள் என்பது. அந்த இரண்டாவது டிரான்ஸ்பார்மரை முதலாவதோடு ஒரே பஸ்ஸில், அதாவது எல்லா மின்பாதைகளும் கிளம்பும் பொதுக் கம்பித் தொகுப்பில், சேர்த்து ஓட்டும்போது வோல்டேஜை யார், எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எவரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

110/11 கே.வி. டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயர் அழுத்தப் பக்க வைண்டிங்கில் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே சுற்றுகளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு டேப் சேஞ்சர் இருக்கும். ஓ.எல்.டி.சி. என்பது அதுதான்; அது நிற்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு டேப். நம் பக்கத்தில் பரவலாக உள்ள அமைப்பு 17 டேப். ஒவ்வொரு டேப்பும் 1.25 சதவீதம், முதல் டேப்பில் சுற்றுகள் கூட்டல் 5 சதவீதம், ஐந்தாவது டேப் சரிமட்டம், பதினேழாவது கழித்தல் 15. டேப் எண் ஏறினால் சுற்றுகள் குறைந்து 11 கே.வி. பக்கம் வோல்டேஜ் ஏறும், ஒரு படிக்கு ஏறத்தாழ 137 வோல்ட். 110 கே.வி. லைனில் 100 கே.வி.தான் வருகிறது என்றால், சுமையே இல்லாவிட்டாலும் 12ஆம் டேப் அளவுக்குப் போனால்தான் 11 கே.வி. கிடைக்கும். பஸ் வோல்டேஜைப் பார்த்து இந்த டேப்பை ஏற்றி இறக்குவது ஏ.வி.ஆர். எனும் தானியங்கி வோல்டேஜ் கட்டுப்பாட்டு ரிலே. டிரான்ஸ்பார்மர் ஒன்றே ஒன்று என்றால் இதில் சிக்கல் ஏதும் இல்லை.

இரண்டு சேர்ந்தால் கதை மாறுகிறது. ஒரே பஸ்ஸில் கட்டிய இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் டேப் வெவ்வேறாக இருந்தால், உயர்ந்த டேப்பில் உள்ளது தாழ்ந்த டேப்பில் உள்ளதற்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். இந்தச் சுற்று மின்னோட்டம் எந்த நுகர்வோர் வீட்டுக்கும் போகாது. ஒன்றிலிருந்து புறப்பட்டு மற்றொன்றின் வழியாகச் சுற்றிவந்து இரண்டையும் சூடாக்கும், அவ்வளவுதான். இதைத் தடுத்து நிற்பது இரு டிரான்ஸ்பார்மர்களின் உள்தடை (இம்பீடன்ஸ்) மட்டுமே. இரண்டும் 16 எம்.வி.ஏ. திறன், உள்தடை 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு டேப் வித்தியாசத்துக்கு 1.25ஐ, இரண்டின் உள்தடையும் சேர்ந்த 24ஆல் வகுக்க வேண்டும். முழுச் சுமை மின்னோட்டமான 840 ஆம்பியரில் இது 5.2 சதவீதம், அதாவது 44 ஆம்பியர். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு டேப் வித்தியாசம் என்றால் 175 ஆம்பியர். ஒன்று 1ஆம் டேப்பிலும் மற்றது 17ஆம் டேப்பிலும் போய் நின்றால் 700 ஆம்பியர், சுமை எதுவும் இல்லாமலே.

அப்படி எங்கே போய் நிற்கப்போகிறது என்று கேட்கலாம். இரண்டு ஏ.வி.ஆர்.களும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியாக ஆட்டோவில் இருந்தால், போகும். இரண்டையும் 11 கே.வி.க்கு வைத்தாலும் ரிலேக்கு ரிலே சிறு வேறுபாடு இருக்கத்தான் செய்யும். பஸ் 10.84 கே.வி.க்குக் கீழே இறங்கினால் முதல் ரிலே டேப்பை ஏற்றும், 11.17க்கு மேல் போனால் இறக்கும் என்று வையுங்கள். இரண்டாவதின் எல்லைகள் 10.80, 11.13. பஸ் வோல்டேஜை ரிலேக்காகச் சிறிதாக்கித் தரும் பி.டி.யின் செகண்டரி 110 வோல்ட்டில் இது வெறும் 0.4 வோல்ட் வேறுபாடு. காலையில் தறிகள் ஓடத் தொடங்கிச் சுமை ஏறும்போது பஸ் 10.83க்கு வருகிறது. முதல் ரிலே முந்திக்கொண்டு ஒரு டேப் ஏற்றுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் மாறினால் பஸ் வோல்டேஜ் பாதிப் படிதான், சுமார் 69 வோல்ட்தான் நகரும். அதுவே போதும், பஸ் 10.90 ஆகிவிட்டது, இரண்டாவது ரிலேக்கு வேலை இல்லை. இரவு சுமை இறங்கி பஸ் 11.14க்கு வரும்போது இரண்டாவது ரிலே முந்திக்கொண்டு தன் டேப்பை இறக்குகிறது. ஏற்றுவதெல்லாம் ஒன்று, இறக்குவதெல்லாம் மற்றொன்று என்று ஆகிவிட, நாளடைவில் இரண்டு டேப்புகளும் எதிரெதிர்த் திசையில் விலகிக்கொண்டே போகும்.

இதில் மோசமானது, அந்த நாட்கள் முழுவதும் பஸ் வோல்ட்மீட்டர் சரியாகவே காட்டும் என்பதுதான். பஸ் வோல்டேஜ் இரண்டின் சராசரி அல்லவா. லாக் ஷீட்டில் மணிக்கு மணி 11.0, 11.0 என்று எழுதியிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நோய் தெரிவது வேறு மீட்டர்களில். இரண்டு இன்கமர்களின் (டிரான்ஸ்பார்மரிலிருந்து பஸ்ஸுக்கு வரும் இணைப்புகளின்) ஆம்பியர் ஒன்றாக இராது, ஒன்றின் பவர் பேக்டர் (மொத்தத் திறனில் வேலை செய்யும் மெய்த்திறனின் பங்கு) விழுந்திருக்கும், ஒன்றின் வைண்டிங் வெப்பம் மற்றதைவிடத் தெளிவாக ஏறியிருக்கும்.

ரிலே தவறு செய்யாமலே, கையால் இயக்குவதிலும் இதே நிலை வரும். நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டிரான்ஸ்பார்மர் 640 ஆம்பியர் சுமையோடு, 0.9 பவர் பேக்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது. பராமரிப்பு முடிந்து இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். உயர் அழுத்தப் பக்கம் சார்ஜ் செய்தாயிற்று, 11 கே.வி. பிரேக்கர் இன்னும் திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே டேப்தான். ஆனால் சுமை தாங்கும் டிரான்ஸ்பார்மரில் உள்வீழ்ச்சி 4.5 முதல் 5 சதவீதம் இருக்கும். வெறுமனே நிற்பதில் அது இல்லை. ஆகவே புதிதாகச் சேரப்போவது 500 வோல்ட் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும். 'வோல்டேஜ் ஒத்துப்போகவில்லை' என்று அதன் டேப்பை நான்கு படி இறக்கி, இரண்டு வோல்ட்மீட்டர்களும் ஒன்றாக நிற்கும்போது பிரேக்கரைப் போட்டால், நான்கு டேப் வித்தியாசத்தைக் கையாலேயே உண்டாக்கியாயிற்று.

கணக்கு இதுதான். நியாயமாக ஆளுக்கு 320 ஆம்பியர் எடுக்க வேண்டும். 175 ஆம்பியர் சுற்று மின்னோட்டம் சேர்ந்ததும் முதலாவது 426 ஆம்பியர் எடுக்கும், பவர் பேக்டர் 0.68 லேக் (மின்னோட்டம் வோல்டேஜுக்குப் பின்தங்குவது). இரண்டாவது 290 ஆம்பியர், 0.99 லீட் (முந்துவது). தறியும் பம்பும் ஓடும் ஊரில் சுமை லேக்தான்; அங்கே ஒரு இன்கமர் லீடிங் காட்டுகிறது என்றால் மீட்டரைக் குறை சொல்லாமல் டேப்பைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் சேர்த்துக் காப்பர் லாஸ் (வைண்டிங்கில் வெப்பமாகும் இழப்பு) 30 சதவீதம் கூடிவிடும். சுமை குறைந்த நள்ளிரவிலும் இந்தச் சுற்று மின்னோட்டம் குறையாது, ஏனென்றால் அது சுமையைச் சார்ந்ததல்ல. ஒவ்வொன்றின் முழுச்சுமைக் காப்பர் லாஸ் 80 கிலோவாட் என்று எடுத்துக்கொண்டால், சுற்று மின்னோட்டத்தால் மட்டும் ஏறத்தாழ 7 கிலோவாட், ஆண்டுக்கு 60,000 யூனிட் மின்சாரம், டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சூடாக்கவே போகும்.

எனவே ஒரே மாதிரியான இரண்டு டிரான்ஸ்பார்மர்களைச் சேர்க்கும்போது ஒத்துப்பார்க்க வேண்டியது டேப் எண்ணை. வோல்ட்மீட்டரை அல்ல. வரிசை இப்படி இருக்க வேண்டும்: இரண்டு ஏ.வி.ஆர்.களையும் மேனுவலில் போடு, டேப் எண்ணை ஆர்.டி.சி.சி. (டேப்பைத் தொலைவிலிருந்து இயக்கும்) பேனலில் மட்டும் பார்க்காமல் யார்டில் டிரைவ் பெட்டியின் கண்ணாடி வழியாகவும் பார், ஒரே எண்ணுக்குக் கொண்டுவா, பிரேக்கரைப் போடு, இரண்டு இன்கமர்களின் ஆம்பியரும் கே.வி.ஏ.ஆரும் (வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் திறனும்) சமமாகிறதா என்று பார், பிறகுதான் பேரலல் (இணையாக ஓட்டும்) தேர்வு சுவிட்ச், அதற்கும் பிறகுதான் ஆட்டோ. பேனலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. டேப் எண்ணை அனுப்புவது பெரும்பாலும் ஒரு மின்தடை வரிசை. அதில் ஒரு தடை அறுந்தாலோ ஒரு டெர்மினல் தளர்ந்தாலோ பேனலில் தவறான எண் வரும்.

எந்த டிரான்ஸ்பார்மரை எதனோடு சேர்க்கலாம் என்ற விதிகள் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான்: வோல்டேஜ் விகிதம், வெக்டர் குரூப் (வைண்டிங் இணைப்பு வகையும் அதன் கோணமும்), பேஸ் வரிசை, சதவீத உள்தடை. ஒய்.என்.ஒய்.என்.0 வகையோடு டி.ஒய்.என்.11 வகையைச் சேர்க்கவே முடியாது, இடையில் 30 பாகைக் கோணம் இருக்கிறது. உள்தடை ஒன்றில் 10, மற்றதில் 12.5 என்றால் சமத் திறன் கொண்ட இரண்டும் 55.6க்கு 44.4 என்று சுமையைப் பிரித்துக்கொள்ளும், குறைந்த உள்தடை உள்ளது முதலில் திணறும். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் உள்தடை சரிமட்ட டேப்புக்கானது, கடைசி டேப்புகளில் அது மாறும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் டிரான்ஸ்பார்மர்கள் நடு டேப்பில் ஒத்துப்போய் ஓரத்தில் பிரிவது உண்டு. இன்னொன்று: உயர் அழுத்தப் பக்கம் இரண்டும் ஒரே பஸ்ஸிலிருந்து வர வேண்டும். வெவ்வேறு லைன்களிலிருந்து வந்தால் கோண வேறுபாட்டால் மெய்த்திறனே சுற்றத் தொடங்கும், அதை எந்த டேப்பாலும் திருத்த முடியாது.

கட்டுப்பாட்டு முறைகளில் நம் நிலையங்களில் அதிகம் இருப்பது மாஸ்டர்–பாலோயர். ஒரு ஏ.வி.ஆர். மட்டும் முடிவெடுக்கும், அதன் டிரான்ஸ்பார்மர் ஒரு படி ஏறினால் மற்றதும் ஒரு படி ஏறும். எளிமையானது, பார்த்ததும் புரிவது. ஒரே மாதிரியான டிரான்ஸ்பார்மர்களுக்கு இதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இது நம்பியிருப்பது முழுக்க முழுக்க டேப் எண்ணை. பாலோயரின் டிரைவ் மோட்டார் எம்.சி.பி. விழுந்திருந்தால், லிமிட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால், கான்டாக்டர் காயில் போயிருந்தால், மாஸ்டர் ஏறிக்கொண்டே போக பாலோயர் நின்ற இடத்தில் நிற்கும். இதற்காகத்தான் அவுட்-ஆப்-ஸ்டெப் ரிலே. டேப் எண்கள் ஒரு படிக்கு மேல், டேப் மாற நியாயமாக ஆகும் நேரத்தையும் தாண்டி வேறுபட்டிருந்தால், அது மணியடிப்பதோடு நிற்காமல் மாஸ்டரையும் நிறுத்த வேண்டும். மணி மட்டும் அடிக்கும்படி ஒயரிங் செய்திருந்தால் அது பாதி வேலை. மணி தொந்தரவாக இருக்கிறது என்று அந்த அலாரத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாதியும் இல்லை.

இதே முறையில் அடிக்கடி மறந்துபோவது தேர்வு சுவிட்ச். மாஸ்டரை பராமரிப்புக்கு எடுக்கும்போது பாலோயரை 'இன்டிபென்டென்ட்' நிலைக்கு மாற்றாமல் விட்டால், மீதமுள்ள டிரான்ஸ்பார்மருக்கு உத்தரவிட ஆளில்லை. ஊர் வோல்டேஜ் தன் போக்கில் மிதக்கும். இரு பஸ் பகுதிகளை இணைக்கும் பஸ் கப்ளரைத் திறந்துவிட்டு சுவிட்சை மாஸ்டர்–பாலோயரிலேயே விட்டாலும் தவறுதான்: ஒரு பஸ்ஸின் சுமையைப் பார்த்து இன்னொரு பஸ்ஸின் டேப் ஆடும்.

டேப் எண்ணைப் பார்க்காமல் சுற்று மின்னோட்டத்தையே அளந்து சரிசெய்வது இரண்டாவது முறை. ஒவ்வொரு இன்கமர் சி.டி.யிலிருந்தும் (மின்னோட்டத்தை அளந்து தரும் சிறு டிரான்ஸ்பார்மரிலிருந்து) வரும் மின்னோட்டத்தை ஏ.வி.ஆர்.கள் ஒப்பிட்டு, எது கூடுதல் ரியாக்டிவ் தள்ளுகிறதோ அதற்கு 'வோல்டேஜ் கூடுதல்' என்றும், மற்றதற்குக் 'குறைவு' என்றும் தோன்றவைக்கும். அது இறங்கும், இது ஏறும், சுற்று மின்னோட்டம் அடங்கும். டேப் படி அளவு வேறுபட்ட டிரான்ஸ்பார்மர்களுக்கும், 10 எம்.வி.ஏ.வும் 16 எம்.வி.ஏ.வும் சேர்ந்த நிலையங்களுக்கும் இதுவே பொருத்தம். பலவீனம் இரண்டு இடத்தில். எந்தப் பிரேக்கர் மூடியிருக்கிறது, யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்பதை ரிலே அறிவது பிரேக்கரின் துணைத் தொடுப்புகள் மூலம். அந்தத் தொடுப்பு தேய்ந்தால் ரிலே தவறான உலகத்தைப் பார்க்கும். இரண்டாவது, சி.டி. போலாரிட்டி. ஒரு சி.டி. தலைகீழாகக் கட்டியிருந்தால் மருந்தே நஞ்சாகும், விலகலைக் குறைக்க வேண்டிய ரிலே அதை வளர்க்கும்.

போலாரிட்டியைச் சோதிப்பது கடினமல்ல, பத்து நிமிட வேலை. இரண்டையும் பேரலலில், மேனுவலில் வைத்து ஒன்றை மட்டும் வேண்டுமென்றே ஒரு டேப் ஏற்ற வேண்டும். ஏற்றிய டிரான்ஸ்பார்மரின் ஏ.வி.ஆர். இறக்கச் சொல்லும் பக்கம் சாய வேண்டும், மற்றது ஏற்றச் சொல்லும் பக்கம். மாறிக் காட்டினால் ஆட்டோவில் போடாதீர்கள், சி.டி. ஒயரை மாற்றிக் கட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சி.டி. செகண்டரியை ஷார்ட் செய்த பிறகே ஒயரைக் கழற்ற வேண்டும் என்பதை இத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறோம், உயிர் சம்பந்தப்பட்டது. சி.டி. மாற்றிய பிறகும், பேனல் மாற்றிய பிறகும், ரிலே மாற்றிய பிறகும் இந்தச் சோதனை கட்டாயம் என்று நடைமுறையில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது முறை, ரிலேக்களுக்கு இடையே ஒயரே இல்லாதது. லைன் வீழ்ச்சி ஈடுகட்டும் அமைப்பின் (சுமை ஏறினால் அனுப்பும் வோல்டேஜையும் ஏற்றுவது) ரியாக்டன்ஸ் பகுதியைத் தலைகீழாக வைப்பார்கள். ரியாக்டிவ் கூடுதலாகத் தள்ளும் டிரான்ஸ்பார்மருக்கு வோல்டேஜ் கூடுதலாகத் தெரியும், தானே இறங்கும். அழகான யோசனை. ஆனால் விலை உண்டு. சாதாரணச் சுமையின் ரியாக்டிவ் பகுதியையும் அது சுற்று மின்னோட்டம் என்றே எண்ணி பஸ்ஸைத் தாழ்த்தும். இதைச் சரிக்கட்ட ரெசிஸ்டன்ஸ் பகுதியைக் கூட்டி வைப்பார்கள், 0.9 பவர் பேக்டருக்கு ரியாக்டன்ஸ் அளவில் 0.48 பங்கு. ரியாக்டிவ் தேவையை ஈடுகட்டும் கெபாசிட்டர் பேங்க் சேர்ந்து பவர் பேக்டர் ஒன்றை நெருங்கியதும் இந்தக் கணக்கு உடையும், இப்போது பஸ் தேவைக்கு மேல் ஏறும். கூரைகளில் சோலார் பெருகிவரும் காலம் இது. அவை மெய்த்திறனைத் தருகின்றன, ரியாக்டிவ் தேவை துணைமின் நிலையத்தின் மேலேயே நிற்கிறது. அதனால் நண்பகலில் டிரான்ஸ்பார்மரில் தெரியும் பவர் பேக்டர் சரியும், ரிலே அதைச் சுற்று மின்னோட்டம் என்று தவறாகப் படிக்கும். பவர் பேக்டரை நிலையானது என்று நம்பும் எந்த முறையும் இனி நம்பத்தக்கதல்ல என்பதே எங்கள் கருத்து. புதிதாக வாங்கும் டிஜிட்டல் ரிலேக்கள் தமக்குள் நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொண்டு உண்மையான சுற்று மின்னோட்டத்தைக் கணக்கிடுகின்றன. வாங்கிய பிறகு அந்த வசதியை இயக்காமல் தனித்தனியாக ஓட்டுவதுதான் வீண்.

செட்டிங் பற்றிச் சில வார்த்தை. ஏ.வி.ஆரின் செயலற்ற இடைவெளி ஒரு டேப் படியைவிட அகலமாக இருக்க வேண்டும். படி 1.25 சதவீதம் என்றால் இருபுறமும் 1.25 முதல் 1.5 என்று, மொத்தம் 2.5 முதல் 3 வரை வைப்பது நல்லது. 'துல்லியம் வேண்டும்' என்று இருபுறமும் 0.5 வைத்தால் டேப் ஏறும், எல்லையைத் தாண்டும், உடனே இறங்கும், மறுபடி ஏறும். நாளுக்கு 20 முறை மாறினாலே ஆண்டுக்கு 7,300 மாற்றம். இப்படி ஆடினால் பல மடங்கு ஆகும். டேப் மாறும்போது சுமையைத் தாங்கும் டைவர்ட்டர் சுவிட்சின் தொடுப்புகள் தேயும், அந்த அறையின் எண்ணெய் கரியாகும். முதல் டேப்புக்கான தாமதம் 30 முதல் 60 விநாடி இருக்கட்டும், மோட்டார் ஸ்டார்ட்டாகும் கணநேரச் சரிவுக்கெல்லாம் டேப் ஓடக் கூடாது. 2.4 எம்.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் பேங்க் ஒன்றைப் போட்டாலே, தனி டிரான்ஸ்பார்மரில் பஸ் சுமார் 1.8 சதவீதம் துள்ளும், அதாவது ஒரு டேப்புக்கு மேல். ஆகவே கெபாசிட்டரை எந்த நேரத்தில் போடுவது, எடுப்பது என்பதையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பி.டி. பியூஸ் போனால் ஏ.வி.ஆருக்கு வோல்டேஜே இல்லை என்று தோன்றும். கீழ் வோல்டேஜ் பிளாக் இல்லாத ரிலே 17ஆம் டேப் வரை ஏற்றிவிடும். மாஸ்டரில் இது நடந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். 11,000/433 விநியோக டிரான்ஸ்பார்மரில் 11 கே.வி. வந்தால் சுமையில்லா நிலையில் ஒரு பேஸுக்கு 250 வோல்ட். 10 சதவீதம் கூடினால் 275. அந்த மாலையில் எத்தனை வீட்டு டி.வி.யும் பிரிட்ஜும் போகும் என்று எண்ணிப் பாருங்கள். 80, 85 சதவீதத்துக்குக் கீழே தெரிந்தால் 'இது உண்மையான வோல்டேஜ் அல்ல' என்று ரிலே நின்றுவிட வேண்டும். ஒரு ரூபாய் செலவில்லாத செட்டிங் இது.

ஏற்காட்டு மலைக்கு வருவோம். மலைப் பாதை நீளமானது, காபித் தோட்டங்கள் சிதறிக் கிடப்பவை, சுமை வார இறுதிகளிலும் மே மாதக் கோடை விழாவின்போதும் திடீரென்று ஏறுவது. 11 கே.வி. ராபிட் வகைக் கம்பியில் 15 கிலோமீட்டர் தூரம், 40 ஆம்பியர், 0.85 பவர் பேக்டர் என்று கணக்கிட்டால் கடைசியில் சுமார் 690 வோல்ட் வீழ்ச்சி, 6 சதவீதத்துக்கு மேல். நள்ளிரவில் 10 ஆம்பியர் என்றால் வீழ்ச்சி 170 வோல்ட்தான். இந்திய மின்சார விதிகள் 1956இன் 54ஆவது விதி உயர் அழுத்தத்துக்கு மேலே 6, கீழே 9 சதவீதம் என்று எல்லை வைத்தது, 11 கே.வி.க்கு 11.66 முதல் 10.01 வரை. இப்படிப்பட்ட பீடருக்கு (நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதைக்கு) லைன் வீழ்ச்சி ஈடு தேவை: சுமை ஏறினால் அனுப்பும் வோல்டேஜும் ஏற வேண்டும். இங்கேதான் பேரலலின் இன்னொரு பொறி. இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் சுமையைப் பகிரும்போது ஒவ்வொரு சி.டி.யும் பாதிதான் பார்க்கும், செட்டிங் அதற்கேற்ப வைக்கப்பட்டிருக்கும். ஒன்று விலகினால் மற்றதன் சி.டி. இரு மடங்கு பார்க்கும், ஈடும் இரு மடங்காகும், பஸ் எகிறும். ஓடும் டிரான்ஸ்பார்மர்களின் எண்ணிக்கையை அறிந்து ஈட்டை மாற்றும் ரிலே வேண்டும், இல்லையேல் ஈட்டையே நிறுத்த வேண்டும்.

நகரத்து குட்டை பீடர்களும் மலையேறும் நெட்டை பீடரும் ஒரே பஸ்ஸில் இருந்தால் ஒரு வோல்டேஜ் இருவருக்கும் பொருந்தாது. மலைக்கென்று தனி பஸ் பகுதி, அல்லது வழியில் ஒரு 11 கே.வி. ஸ்டெப் ரெகுலேட்டர், கூட்டல் கழித்தல் 10 சதவீதத்தை 32 படிகளில் தருவது, இதுவே தீர்வு. மேலே புதிதாக உபகரணம் வைப்பவர்கள் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெளிக் காப்பு இடைவெளியை 1 சதவீதம் கூட்டுவது வழக்கம். ஏற்காடு 1,500 மீட்டர்.

பேரலல் எப்போதும் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு சேர்ந்தால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டமும் இரட்டிக்கும். மேலே சொன்ன 16 எம்.வி.ஏ. ஒன்றுக்கு 7 கிலோ ஆம்பியர், இரண்டுக்கு 14, மூன்றுக்கு 21. பழைய 350 எம்.வி.ஏ. தர பிரேக்கர் 18.4 கிலோ ஆம்பியர் வரைதான் துண்டிக்கும், மூன்றைச் சேர்த்தால் அது தாங்காது. இன்கமரில் திசை அறியும் ஓவர்கரன்ட் ரிலே இல்லாவிட்டால், ஒரு டிரான்ஸ்பார்மரின் உட்பழுதுக்கு மற்றது பின்பக்கமாக மின்சாரம் ஊட்டி, இரண்டும் சேர்ந்து டிரிப் ஆகும். இரண்டும் 70 சதவீதச் சுமையில் இருக்கும்போது ஒன்று விழுந்தால் மற்றதன் மேல் 140 சதவீதம், அதுவும் விழும். பேரலல் கட்டுப்பாடு வேலை செய்யாத நிலையத்தில், அது சரியாகும் வரை பஸ் கப்ளரைத் திறந்து, ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் தன் பாதி பீடர்களைக் கொடுத்து, தனித்தனி ஏ.வி.ஆரில் ஓட்டுவதே சரி. கப்ளரை மூடிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வது சரியல்ல.

மின்பகிர்மான நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள் பெரிய பணம் கேட்பதல்ல. மணி வாரி லாக் ஷீட்டில் பஸ் வோல்டேஜுக்குப் பக்கத்தில் இரண்டு டேப் எண்களையும், இரண்டு இன்கமர்களின் கே.வி.ஏ.ஆரையும், எண்ணெய், வைண்டிங் வெப்பத்தையும் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை இரண்டு டேப் சேஞ்சர்களின் கவுன்டர்களையும் குறித்து, வார ஏற்றம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்டர் 90 முறை ஓடியிருக்க பாலோயர் 60 முறை என்றால் எங்கோ பிசகு, அந்த வாரமே தெரிந்துவிடும். புதிய டிரான்ஸ்பார்மருக்கு டெண்டர் விடும்போதே பழையதன் உள்தடை, டேப் படி, வெக்டர் குரூப், ஏ.வி.ஆர். வகை ஆகியவற்றைக் குறிப்பில் சேருங்கள். வந்திறங்கிய பிறகு ஒத்துப்போகவில்லை என்று தெரிவதில் பயனில்லை.

தறி உரிமையாளர்களும் சேகோ ஆலைக்காரர்களும் புகார் எழுதும் முன் ஒரு வாரம், காலை 6, 10, மாலை 4, 7, இரவு 11 மணிக்கு மூன்று பேஸ்களின் வோல்டேஜையும் மீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். மூன்றும் ஒன்றாகக் குறைந்து நாள்முழுதும் கிடந்தால் துணைமின் நிலைய டேப்போ நீண்ட பீடரோ காரணம். ஒரு பேஸ் மட்டும் குறைந்தால், அல்லது ஒன்று குறைய மற்றொன்று ஏறினால், உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் பியூஸ், ஜம்பர், நியூட்ரல். இதற்கு நியூட்ரலை அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், காத்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து 3 வோல்ட் போலப் படிப்படியாக ஏறி இறங்கினால் டேப் வேலை செய்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை அப்படி ஆடினால் நேரத்தைக் குறித்து எழுதுங்கள். அந்த ஐந்து நேரங்களின் எண்களை நிலைய லாக் ஷீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்னொரு டிரான்ஸ்பார்மர் தேவையா, இருக்கும் இரண்டின் டேப்பைச் சரிசெய்தால் போதுமா என்பதை உதவிச் செயற்பொறியாளர் அரை மணியில் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
துணைமின் நிலையப் பராமரிப்பும் ரிலே சோதனையும் அறிந்த பொறியாளர்கள் சிலர்,
சேலம்.